பாட்டே இல்லாத கேசட்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். இளையராஜாவின் இசையை அழித்தவன் நான். வருடம் 1987. இடம் வாசுதேவநல்லூர்.

கோபப்படாதீர்கள், விவரமாகச் சொல்கிறேன்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற பஸ்ஸில் ஏறினால் சிவகிரியைத் தாண்டி, புளியங்குடிக்கு முன்னால் வரும் ஊர் எங்களுடையது. அப்போது திருநெல்வேலிச் சீமை, 2019-லிருந்து தென்காசி மாவட்டம். மேற்கே பார்த்தால் மலை. வரலாற்றுப் புத்தகத்தில் எங்கள் ஊர் பெயர் வருகிற இடம் ஒன்றுதான்... பூலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று இங்கே இருந்தது. 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் பீரங்கியோடு வந்து முற்றுகை போட்டது அந்தக் கோட்டையைத்தான். இந்த 1767-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் காலத்தில் ஊரின் முக்கியமான கோட்டை பஜாரில் இருந்த ரெக்கார்டிங் சென்டர். பத்துக்குப் பத்து கடை. சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகளின் அட்டை. ஒரு நீள நோட்டில் பாட்டுகளை நம்பர் போட்டு எழுதி வைத்திருப்பார் அண்ணாச்சி. நீங்கள் வெற்று கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்துவிட்டு வரவேண்டும். 60 கேசட் என்றால் 12 பாட்டு, 90 என்றால் 18. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்று முடிவு பண்ணுவதற்குள் பரீட்சையே வந்துவிடும். நாலு நாள் கழித்துப் போனால், 'கரண்ட் இல்ல தம்பி, நாளைக்கு வா' என்பார். கடைசியில் டேப் கொஞ்சம் மிச்சமிருந்தால் அவராகப் பார்த்து ஏதாவது டைட்டில் மியூசிக்கைப் போட்டு நிரப்பித் தருவார். அது அண்ணாச்சியின் இனாம்.

இந்த நேரத்தில்தான் மெட்ராஸில் வேலை பார்த்த அத்தான் லீவுக்கு வந்தார். கையில் ஒரு புது கேசட். 'ஹவ் டு நேம் இட்?' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. 'ராஜாவோட புது ஆல்பம்டா, பத்திரமா வெச்சிரு' என்று கொடுத்துவிட்டுப் போனார். ராஜா பெயரைப் பார்த்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் பெரிய டேப் ரெக்கார்டர் கிடையாது, நேராக அண்ணாச்சி கடைக்கு ஓடினோம்.

கேசட் ஓடியது. வயலின். மறுபடி வயலின். கூட நாலைந்து வயலின். ஐந்து நிமிடம் ஆயிற்று. யாரும் பாடவில்லை. ஒருத்தன் பொறுமை இழந்து, 'ஏல, பாட்டு எங்கல?' என்றான். அண்ணாச்சி கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். 'தம்பி, இது பேக்ரவுண்ட் மியூசிக் மட்டும் உள்ள கேசட்டு. பாட்டு வேற கேசட்ல இருக்கும். உங்க அத்தான ஏமாத்திட்டாம்பா!'

அடுத்து நான் செய்ததுதான் குற்றம். கடையில் வாங்குகிற கேசட்டில் தவறுதலாக எதுவும் பதிவாகிவிடாமல் இருக்க, மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் செல்லோடேப் ஒட்டிவிட்டால் போதும், அதன் மேலேயே வேறு பாட்டுப் பதியலாம். ஒட்டினேன். பி சைடு முழுக்க 'புன்னகை மன்னன்' பாட்டுகளைப் பதிந்துகொண்டேன். பி சைடில் டேப் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தை நிரப்ப அண்ணாச்சியிடம் அன்றைக்கு நேரமில்லை. ஆகவே சினிமாப் பாட்டு முடிந்ததும் ஒரு 'டக்' சத்தம், பிறகு நடுவிலிருந்து ஒரு வயலின் கூட்டம் கிளம்பும், ஒன்றிரண்டு நிமிடத்தில் டேப் தீர்ந்துவிடும்.

நான் அழித்தது எதை என்று பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அந்த ஆல்பம் வெளிவந்தது 1986. 'அன்னக்கிளி' வந்து சரியாகப் பத்து வருடம். ராஜாவுக்கு வயது 43. 'மௌன ராகம்', 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' மூன்றும் அதே ஒரே வருடத்துச் சரக்கு என்றால் அவர் எந்த உச்சியில் இருந்தார் என்று புரிந்துகொள்ளுங்கள். டீக்கடை, டவுன் பஸ், கல்யாண வீடு, கோயில் கொடை... ஸ்பீக்கர் கட்டின இடமெல்லாம் அவர்தான். அப்படிப்பட்டவர், யாரும் கேட்காமல், கதாநாயகன் கதாநாயகி இல்லாமல், பாடகர் இல்லாமல், பத்து இசைத்துண்டுகளைப் போட்டு ஒரு கேசட் வெளியிடுகிறார். அதை இரண்டு பேருக்குச் சமர்ப்பணம் செய்கிறார். ஒருவர் திருவையாறு தியாகராஜர். இன்னொருவர் ஜெர்மனியின் யோஹான் செபாஸ்டியன் பாக்.

இப்போது அந்த 1767-ஐ எடுங்கள். எங்கள் ஊர்க் கோட்டையைக் கேம்ப்பெல் முற்றுகையிட்ட அதே வருடம்தான் திருவாரூரில் தியாகராஜர் பிறந்தார். பாக் அதற்கு 17 வருடம் முன்பே, 1750-ல் இறந்துபோனார். ஒருவர் இருந்த காலத்தில் இன்னொருவர் இல்லை. இருந்திருந்தாலும் ஒருவர் பாஷை இன்னொருவருக்குத் தெரியாது. இந்த இரண்டு பேரையும் ராஜா தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆல்பத்தில் ஒரு துண்டின் பெயரே 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்கிற அர்த்தத்தில்தான் இருக்கிறது. பாக் தனி வயலினுக்காக எழுதிய, 1720-ல் முடித்த தொகுப்பிலிருந்து ஒரு பகுதி அதில் வரும். பக்கத்திலேயே நம்மூர் கமகத்தோடு இன்னொரு வயலின் உட்கார்ந்து அதோடு பேசும். வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். நீங்கள் எத்தனையோ சினிமாப் பாட்டில் கேட்டு உருகிய வயலின் அவருடையதுதான், பெயர் மட்டும் தெரிந்திருக்காது.

பாக்கின் வித்தையை ஆங்கிலத்தில் 'ஃபியூக்' என்பார்கள். பயந்துவிடாதீர்கள், திண்ணையில் நடப்பதுதான். ஒரு பெரியவர் ஒரு கதையை ஆரம்பிக்கிறார். அவர் இரண்டாவது வாக்கியத்துக்குப் போகும்போது இன்னொரு பெரியவர் அதே கதையைக் கொஞ்சம் குரலை உயர்த்தி ஆரம்பிக்கிறார். அவர் பாதி போனதும் மூன்றாமவர். மூன்று பேரும் நிறுத்துவதில்லை. ஆனால், திண்ணையில் அது சண்டையாகிவிடும். பாக்கிடம் சண்டையே வராது. மூன்று பேர் பேச்சும் தனித்தனியாகவும் கேட்கும், சேர்ந்தும் கேட்கும். நம் கர்னாடக இசையில் ஒரே ஒரு இழைதான், அதை எவ்வளவு நுணுக்கமாக வளைக்கலாம் என்பதுதான் வித்தை. பல இழை, ஒற்றை இழை... இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஸ்வரத்தை வளைத்தால் அங்கே இடிக்கும். வளைக்காவிட்டால் இங்கே ராகம் செத்துப்போகும். ராஜா பிடித்த பிரச்னை இது. இதற்குப் பத்துத் துண்டிலும் பத்துவிதமாக விடை தேடிப் பார்த்திருக்கிறார். எல்லாமே ஜெயித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றிரண்டு இடத்தில் தையல் தெரியும். ஆனால், தேடியிருக்கிறார்.

எங்கள் ஊர் கோயிலில் சிந்தாமணிநாதர் சந்நிதியில் மூலவரே அர்த்தநாரீஸ்வரர். பாதி சிவன், பாதி அம்பாள். சின்ன வயதில் தாத்தாவிடம் 'எந்த இடத்துல சாமி முடிஞ்சு அம்மன் ஆரம்பிக்கு?' என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கேசட்டைப் பல வருடம் கழித்து முழுசாகக் கேட்டபோது அந்த அடி ஞாபகம் வந்தது.

சரி, வெளிநாட்டுச் சங்கீதத்தோடு நம் ஆட்கள் சம்பந்தம் வைத்தது 1986-ல்தானா? இல்லவே இல்லை. அதற்கு வெகுதூரம் போகவேண்டாம். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி தாண்டினால் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். இன்னொரு பெருமையும் அதற்கு உண்டு. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். இவர் இளமையில் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசிக்கும் வாத்தியத்தில் மயங்கி, ஒரு ஐரோப்பியரிடம் மூன்று வருடம் வயலின் கற்றுக்கொண்டு, அதில் கர்னாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டினார். அண்ணன் சும்மா இருப்பாரா? வெள்ளைக்காரன் பேண்ட் மெட்டுகளைப் பிடித்து, அதில் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டுகூட அதில் ஒன்று! மெட்டு ராஜாவுக்கு, வார்த்தை அம்பாளுக்கு. அந்த முத்துசாமி தீட்சிதர் 1835-ல் கண்ணை மூடியதும் எட்டயபுரத்தில்தான்.

யோசித்துப் பாருங்கள். சீமையிலிருந்து வந்த வயலின் இன்றைக்குக் கச்சேரி மேடையில் பக்கவாத்தியம். அது இல்லாமல் சபாவில் திரை தூக்குவதில்லை. ஆனால், பாலுசாமி முதன்முதலில் அந்த வாத்தியத்தை மடியில் சாய்த்தபோது ஒருத்தராவது 'வீணை எங்கப்பா?' என்று கேட்டிருக்கத்தான் வேண்டும். நாங்கள் 'பாட்டு எங்கல?' என்று கேட்ட மாதிரி.

ஆக, 1986-ல் அந்தக் கேசட்டை யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? சினிமா ரசிகனுக்கு அதில் பாட்டு இல்லை. கர்னாடகக் காதுக்கு ராகம் பாதியில் வேறு எங்கோ போய்விடுகிறது. மேல்நாட்டுச் சங்கீதம் கேட்டுப் பழகியவருக்கோ, சினிமாக்காரர் பாக்கைத் தொடுவதா என்ற சங்கடம். மூன்று பேருமே அவரவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்து, மெட்ராஸுக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் நொட்டேஷன் கற்று, கிதார் படித்து லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கிய ஆள். பாக்கை அவர் கற்றது தன்ராஜ் மாஸ்டர் ரூமில். அந்தப் படிப்பெல்லாம் ஒரு பாட்டின் இடையில் வரும் 20 விநாடி இசைக்குள் மட்டும் அடங்கிக் கிடக்கவேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் நாம்தான்.

இது ராஜாவுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேல்நாட்டு ராக் இசையில் இதைவிடப் பெரிய கலாட்டா நடந்திருக்கிறது.

பாப் டிலன் என்று ஒருத்தர். ஒற்றைக் கிதார், வாயில் மவுத் ஆர்கன், போருக்கு எதிராகப் பாட்டு... இப்படித்தான் ஜனங்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1965 ஜூலை 25, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மனிதர் எலெக்ட்ரிக் கிதாரும் பேண்டுமாக மேடையேறினார். கூட்டத்தில் கூச்சல். அடுத்த வருடம் மே மாதம் மான்செஸ்டரில் கச்சேரி. பாட்டுக்கு நடுவே ஒரு ரசிகர் எழுந்து 'யூதாஸ்!' என்று கத்தினார். ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயர். இதைவிடப் பெரிய வசவு கிறிஸ்தவ தேசத்தில் கிடையாது. டிலன், 'உன்னை நான் நம்பமாட்டேன்' என்று பதில் சொல்லிவிட்டு, இன்னும் சத்தமாக வாசிக்கும்படி பேண்டுக்குச் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கச்சேரியின் திருட்டு ரெக்கார்டு உலகம் முழுக்கச் சுற்றியது. அதுவும், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்று தப்பான முகவரியோடு. கம்பெனி அதை முறையாக வெளியிட 1998 ஆயிற்று. வசவோடு சேர்த்தே வெளியிட்டார்கள், வாங்கிக் கொண்டாடினார்கள். ரசிகர்கள் அந்த எலெக்ட்ரிக் கிதாருக்கு வந்துசேர 32 வருடம்!

அதே டிலனுக்கு 2016-ல் நோபல் பரிசு. அதற்குப் பிறகு கிழவர் இனி புதுசாக என்ன எழுதப் போகிறார் என்று எல்லோரும் இருந்தபோது, 2020 மார்ச்சில், ஊரே கொரோனாவில் அடைந்து கிடந்த நேரத்தில், திடீரென்று ஒரு பாட்டை வெளியிட்டார். 1963-ல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றிய பாட்டு. நீளம் கிட்டத்தட்ட 17 நிமிடம். இன்றைய அவசரத்தில் யார் 17 நிமிடம் கேட்பார்கள்? கேட்டார்கள்! அமெரிக்க பில்போர்டு பட்டியல் ஒன்றில் அவர் பெயரில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான். அப்போது அவருக்கு வயது 78. ஜூன் மாதம் முழு ஆல்பமும் வந்தது, எட்டு வருடத்துக்குப் பிறகு அவருடைய சொந்தப் புதுப் பாடல்கள். இளமையில் 'யூதாஸ்' என்றவர்களும் அதற்குள் கிழவர்கள். வீட்டுக்குள் முடங்கியிருந்தார்கள், நேரம் இருந்தது, உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம்... ஊரடங்கு இல்லாத சாதாரண வருடமாக இருந்திருந்தால்?

நம் கதைக்கு வருவோம். ராஜாவின் கேசட்டை ஒரே ஒருத்தர் மட்டும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். பாலு மகேந்திரா.

1988-ல் வந்த அவருடைய 'வீடு' படத்தில் பாட்டு கிடையாது. ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண் மெட்ராஸில் வீடு கட்டப் படாதபாடு படுகிற கதை. அதற்குப் பின்னணி இசையாக பாலு மகேந்திரா எடுத்துக்கொண்டது இந்த ஆல்பத்தைத்தான். அதில் ஒரு காட்சி. தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டியிருக்கும் வீட்டை அவர் ஒருநாள் தனியாகப் பார்க்க வருகிறார். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார், ஒவ்வொரு அறையாக நுழைந்து நுழைந்து வருகிறார். அவர் முகத்தில் வெயிலும் சந்தோஷமும். பின்னால் அந்த வயலின்கள். வசனம் இல்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது, அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது எல்லாம் வந்தன.

நான் அதைப் பார்த்தது டி.வி-யில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வயிற்றில் ஏதோ புரண்டது. இந்த இசையை எனக்குத் தெரியுமே... எங்கே கேட்டிருக்கிறேன்? 'டக்' சத்தம் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி வந்து ஏ சைடைப் போட்டேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக, நடுவில் நிறுத்தாமல், 'பாட்டு எப்போது வரும்' என்று காத்திராமல், கேட்டேன். பி சைடுக்கு வந்தபோது கமலும் ரேவதியும்தான் இருந்தார்கள். கேசட்டில் அழிந்தது அழிந்ததுதான். பழைய சத்தத்தின் மேல் புதுச் சத்தத்தைக் காந்தம் எழுதிவிடும், அடியில் சுரண்டி எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

அதே 1988-ல் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலும் பெரிய வாத்தியக் கோஷ்டியும். இதை ஜனங்கள் கொஞ்சம் சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள். புல்லாங்குழல் பாடுகிற மாதிரியே இருக்கும் இல்லையா, அதனால் 'பாட்டு எங்கே' என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை.

1993-ல் நடந்தது இன்னும் விசித்திரம். லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்கு ராஜா சிம்பொனி எழுதினார், பதிவும் ஆனது. தமிழ்நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பத்திரிகையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதின. ஆனால், அந்தச் சிம்பொனி வெளிவரவே இல்லை. கையில் கொடுத்த கேசட்டைக் கேட்க மாட்டோம் என்றவர்கள், கேட்காத சிம்பொனிக்குக் கைதட்டித் தீர்த்தோம்.

2005 ஜூன் 30, சென்னை மியூஸிக் அகாடமி. 'திருவாசகம்' வெளியீட்டு விழா. ஜெகத் கஸ்பர் ராஜின் தமிழ் மையம் தயாரிப்பு. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, மாணிக்கவாசகரின் ஆறு பகுதிகளை ராஜா தன் குரலிலேயே பாடியிருந்தார். ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். தயாரிப்புக்கு முன்நின்றவர் ஒரு பாதிரியார், பாடப்படுவது சைவத் திருமுறை. நம் மண்ணுக்கு அது புதிதா என்ன? திருவாசகத்தை 1900-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு.போப்பும் பாதிரியார்தானே! அவர் முன்பு ஊழியம் செய்ததும் எங்கள் திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரத்தில்தான். விழாவில் வைகோ பேசிய பேச்சை இன்றைக்கும் சிலாகிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை ஜனங்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சண்டையும் போட்டார்கள். 'இது சிம்பொனியே இல்லை, ஆரட்டோரியோ' என்று ஒரு கட்சி. சிம்பொனி என்றால் வாத்தியங்களுக்கான பெரிய அமைப்பு, ஆரட்டோரியோ என்றால் பக்திக் கதையைக் குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து சொல்வது. அந்தக் கட்சி சொன்னது சரிதான். ஓதுவார் பண்ணில் பாடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்று இன்னொரு கட்சி. டீக்கடையில்கூட 'ஆரட்டோரியோன்னா என்ன?' என்று பேச்சு நடந்த காலம் அது. எனக்கு அந்த ஆங்கில வரிகள் இன்னும் ஒட்டவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால், 'பூவார் சென்னி மன்னன்' ஆரம்பிக்கும்போது நடுவில் எழுந்து போக என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. 'பாட்டு எங்கே?' என்று கேட்டதற்குப் பதிலாக, பாட்டோடு சேர்த்து நம்மை அந்தப் பெரிய வாத்தியக் கூட்டத்துக்குள் கையைப் பிடித்து அழைத்துப் போனார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் 20 வருடம். 2025 மார்ச் 8, லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கம். ராஜாவுக்கு வயது 81. தன் முதலாவது சிம்பொனி என்று பெயரிட்டு 'வேலியன்ட்'டை மேடையேற்றினார். ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது, நடத்தியவர் மைக்கேல் டாம்ஸ். நாலு பகுதிகள். பாடுபவர் யாரும் இல்லை. பாட்டே இல்லாத கேசட்டின் பெரிய அண்ணன்!

அங்கே ஒரு விஷயம் நடந்தது. சிம்பொனியில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை கைதட்டக் கூடாது, நாலும் முடிந்த பிறகுதான் தட்டவேண்டும் என்பது மேல்நாட்டு அரங்குகளின் ஆசாரம். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு பகுதி முடிந்ததும் தட்டித் தீர்த்துவிட்டார்கள். ஊர் திரும்பியதும் ராஜாவே அதைச் சந்தோஷமாகச் சொன்னார். சிலர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள், நாகரிகம் தெரியாத கூட்டம் என்று.

அவர்களுக்கு ஒரு செய்தி. 1778-ல் மொஸார்ட் பாரீஸில் தன் புது சிம்பொனியை அரங்கேற்றினார். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த ராத்திரியை விவரித்திருக்கிறார். ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே ஓர் இடத்தைப் போட்டு வைத்தாராம். அந்த இடம் வந்ததும், வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கைதட்டல் கிளம்பியதாம். மனிதருக்குக் கோபமா வந்தது? கச்சேரி முடிந்ததும் சந்தோஷத்தில் போய் ஐஸ்க்ரீம் சாப்பிட்டிருக்கிறார்! கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் ஆசாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது. அப்பல்லோவில் தட்டிய தமிழர்கள் மொஸார்ட் காலத்து ரசிகர்கள், அவ்வளவுதான்.

சிம்பொனி முடிந்து இடைவேளைக்குப் பிறகு, அதே ஆர்கெஸ்ட்ராவை வைத்து நம் சினிமாப் பாட்டுகள். ராஜாவும் பாடினார். முதல் பாதி வயலின்கள், இரண்டாம் பாதி பாட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கேசட் மாதிரியே இருக்கிறதே!

அந்தச் செய்தி வந்த மறுநாள் அத்தான் போன் செய்தார். ரிட்டையர் ஆகி தாம்பரத்தில் இருக்கிறார். லண்டன் விஷயத்தையெல்லாம் பேசிவிட்டு, 'அன்னிக்கு ஒரு கேசட் குடுத்தேனே, இருக்காடா?' என்றார். 'இருக்கு அத்தான்' என்றேன். உண்மைதான், இருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. 'பத்திரமா வெச்சிரு, அடுத்த தடவ ஊருக்கு வர்றப்ப யார்கிட்டயாவது மிஷின் வாங்கி ரெண்டு சைடும் கேட்டுரலாம்' என்றார்.

'சரி அத்தான்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். பி சைடு விஷயத்தை இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.